மலைக்கும் கடலுக்கும் நடுவே பதினெட்டு மணி நேரம்

நெல்லை மாவட்டம் களக்காட்டுக்கு மேற்கே மலை இறங்கி முடியும் இடத்தில் இருக்கிறது தலையணை. பச்சையாறு பாறை பாறையாக இறங்கி வந்து அங்கே கொஞ்சம் நிதானிக்கும். விடுமுறை நாள் என்றால் சுற்றுவட்டாரமே அங்குதான் குளிக்கும். ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் வனத்துறை அடிக்கடி தடை போடும். தடை போடும் நாளில் சில சமயம் களக்காட்டில் ஒரு சொட்டு மழைகூட இருக்காது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் முகம் வாடித் திரும்புவார்கள். மேலே செங்கல்தேரிப் பக்கம் முந்தின இரவு முழுக்கக் கொட்டியிருக்கும்.

மலையாற்று வெள்ளத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரெனக் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். அதைக் கண்டபின் கரையேறக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். சரிவு அவ்வளவு செங்குத்து. இதே தண்ணீர் வடக்குப் பச்சையாறு அணையைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே நடந்து, தருவைக்கு அருகே தாமிரபரணியில் சேர்ந்துவிட்டால் அதன் அவசரமெல்லாம் தணிந்துவிடும். தாமிரபரணியின் நீளம் சுமார் 125 கி.மீ. வெள்ளம் மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொண்டால், அது பிறக்கும் பொதிகை மலையிலிருந்து கடலைத் தொட ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். தலையணையில் குளிப்பவருக்குச் சில நிமிடம், பாளையங்கோட்டைக்காரருக்குச் சில மணி நேரம், ஸ்ரீவைகுண்டத்தாருக்கு அரை நாளுக்கு மேல். ஒரே தண்ணீர் ஊருக்கு ஊர் வெவ்வேறு அவகாசம் தருகிறது. பேரிடர் மேலாண்மை என்று பேசுகிறோமே, அதன் உயிர்நாடி இந்த அவகாசம்தான். அதை எப்படி நீட்டுவது, கிடைத்ததை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

பாடநூல்கள் இதை நான்கு கட்டமாகச் சொல்லும்: ஆபத்தின் வீரியத்தை முன்கூட்டியே குறைப்பது தணிப்பு, வந்தால் என்ன செய்வது என்று தயாராக இருப்பது ஆயத்தம், வந்த பொழுதில் உயிர் காப்பது மீட்பு, பிறகு வாழ்க்கையைத் தூக்கி நிறுத்துவது மறுசீரமைப்பு. நம் நாட்டில் நெடுங்காலம் மூன்றாவதும் நான்காவதில் பாதியும்தான் நடந்தன. வெள்ளம் வரும், பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பார்கள், சோறு போடுவார்கள், நிவாரணத் தொகை கொடுப்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகே, மறு ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. முதலிரண்டு கட்டங்களும் அரசின் கடமை என்று அது எழுதி வைத்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம், தேசியப் பேரிடர் மீட்புப் படை இரண்டும் அதன்பின் அமைந்தவை.

இவற்றில் மூன்றை ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் திருநெல்வேலி குறுக்குத்துறைக்குப் போகலாம். அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வரும் திசையில் சுவரைக் கூராகக் கட்டியிருக்கிறார்கள்; மோதும் நீர் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் ஓடிவிடும். அது தணிப்பு. அணை திறக்கிறார்கள் என்ற செய்தி வந்தவுடன் உற்சவரும் உண்டியலும் சப்பரமும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு இடம் மாறிவிடும். யார் எதைத் தூக்குவது, எங்கே வைப்பது என்று அன்றைக்கு யோசிக்க வேண்டியதில்லை. அது ஆயத்தம். அசைக்க முடியாத மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரி, கழுவிவிட்டு, பூஜை தொடங்கும். அது மறுசீரமைப்பு. ஆற்றை எதிர்த்து நிற்காமல், அது வரும் என்று ஒப்புக்கொண்டு கட்டிய கட்டடம் அது. அந்தப் புத்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தக் கணக்குகளையெல்லாம் குலைத்தது 2023 டிசம்பர் 17. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சி ஈரக் காற்றைக் கிழக்கிலிருந்து இழுத்து, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் மேல் கொட்டியது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. களக்காட்டுக்குக் கிழக்கே மூலைக்கரைப்பட்டியில் 62, மலை மேலே மாஞ்சோலையில் 55. ஒரு சதுர கி.மீ. பரப்பில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். காயல்பட்டினத்தில் ஒவ்வொரு சதுர கி.மீ.க்கும் 95 கோடி லிட்டர் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

அளவைவிடப் பெரிய சிக்கல் மழை பெய்த இடம். வழக்கமாகப் பெருமழை மலையில் பெய்யும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் அதை வாங்கி நிறுத்தும். கீழே இருப்பவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். அன்று சமவெளியிலும் மலைக்குச் சமமாகப் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தின் தலையிலேயே 62 செ.மீ. விழும்போது பாபநாசத்து அணை என்ன செய்ய முடியும்? மேலேயிருந்து வரும் வெள்ளத்துக்கு உரிய அரை நாள் அவகாசம் அங்கே இல்லாமலே போனது. ஓடைகளும் குளங்களும் நிரம்பி ஊரைச் சூழ்ந்த பிறகு ஆற்று வெள்ளமும் வந்து சேர்ந்தது.

குளம் எப்படி உடைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த இரவு புரியும். நெல்லைச் சீமையில் குளங்கள் தனித்தனியாக இல்லை. மேல்குளம் நிறைந்தால் உபரி நீர் வழியும் மறுகாலில் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. மறுகால் தாங்குகிற அளவைவிட வரத்து அதிகமானால் நீர்மட்டம் கரையின் உச்சியைத் தொடும். மண்கரையின் மேல் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் போதும், மறுபக்கச் சரிவை அரிக்கத் தொடங்கிவிடும். எலி வளையோ பட்டுப்போன மரத்தின் வேரோ இருந்தால் அரிப்பு உள்ளுக்குள்ளேயே நடக்கும். உடைந்த குளத்தின் தண்ணீர் மொத்தமாக அடுத்த குளத்தில் போய் விழும். அதன் மறுகால் இவ்வளவையும் எதிர்பார்த்துக் கட்டப்பட்டதல்ல. சித்திரை வெயிலில் மடையைப் பழுது பார்ப்பதும், மறுகாலில் மண்டிய கருவேலத்தை வெட்டுவதும், கரையில் மண் போட்டு இறுக்குவதும் மார்கழி வெள்ளத்துக்கான வேலை. கோடையில் அதன் அருமை யாருக்கும் தெரிவதில்லை. இந்தச் செலவுக்கு ஒதுக்கும் ஒரு ரூபாய், படகுக்கும் ஹெலிகாப்டருக்கும் செலவழிப்பதைவிட அதிக உயிரைக் காக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்ததா என்று மாநில அரசும் மத்திய அரசும் பிறகு வெகுவாக வாதிட்டன. வானிலைக் கணிப்பில் இதுதான் கடினமான பகுதி. மிகக் கனமழை வரும் என்று சொல்லலாம், 95 செ.மீ. பெய்யும், இந்த ஊரில் பெய்யும் என்று சொல்வது இன்றைய கருவிகளுக்கும் எட்டாத காரியம். ஆகவே கணிப்பை மட்டும் நம்பியிருக்கும் ஆயத்தம் அரைகுறை ஆயத்தம். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. மீட்பை நடத்த வேண்டிய இடம் தண்ணீருக்கு நடுவே நிற்கக் கூடாது என்பதை எந்தக் கணிப்பும் இல்லாமலே முடிவு செய்துவிடலாம்.

டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. நிலைய அதிகாரி வண்டியை மேலே விடவில்லை. ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களில் சுமார் 300 பேரை அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலுமாக 19ஆம் தேதி வரை இருந்தார்கள். முதலில் வந்து சேர்ந்தது பக்கத்துப் புதுக்குடி மக்கள் ஆக்கிக் கொடுத்த சோறு. விமானப்படை ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் அதற்குப் பின்னால்தான் வர முடிந்தது. உலகில் எங்கும் இப்படித்தான். முதல் சில மணி நேரம் காப்பாற்றுவது அக்கம்பக்கத்தார். தூத்துக்குடிப் பக்கம் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். ஆகவே பயிற்சியும் கயிறும் டார்ச் விளக்கும் முதலில் கிராமத்துக்குத்தான் போய்ச்சேர வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தென்மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

தண்ணீர் வடிந்ததும் தொலைக்காட்சி கேமராக்களும் போய்விடும். மிகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6000 ரூபாய், மற்ற இடங்களில் 1000 ரூபாய் என அரசு அறிவித்தது. வீட்டைக் கழுவி, அரிசி வாங்கி, பிள்ளைக்குப் புத்தகம் வாங்க அது உதவும். மறுசீரமைப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதன் வேகத்தைப் பயிர்தான் தீர்மானிக்கிறது.

களக்காட்டு ஏத்தன் வாழையை எடுத்துக்கொள்வோம். வேருக்குக் காற்று வேண்டும்; தண்ணீர் சில நாள் கட்டி நின்றால் வேர் அழுகும். தார் தள்ளிய மரத்துக்கு முட்டுக்கம்பு கொடுத்திருந்தாலும் ஈரமண் நெகிழ்ந்துவிட்டால் கம்போடு சேர்ந்து சாயும். மார்கழியில் சாய்ந்த தோட்டத்தில் மரத்தை வெட்டி அகற்றி, படிந்த மணலை வாரி, வாய்க்காலைத் திறந்து, உழுது கன்று வைக்கப் பங்குனி ஆகிவிடும். கன்று வாங்கவும் உரம் போடவும் இன்னொரு கடன். வைத்த கன்று தார் வெட்ட ஏறக்குறைய ஒரு வருடம். அதாவது அந்தக் குடும்பத்தின் மறுசீரமைப்பு முடியும் முன்பே அடுத்த ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிடும். அப்போது உடைந்த கரை இறுக்கப்பட்டிருக்கிறதா, வாய்க்கால் தூர் வாரப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் பழைய கடனும் புதிய கடனும் அடைபடுமா என்பது தெரியும்.