சென்னை புறநகரில் முதல் வீடு: ஃபிளாட்டுக்கு முன்னாடி ஊரைப் பாருங்க!

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் போனால் பலகைக்குப் பலகை ஒரே வாசகம்தான்: "ஸ்டேஷனிலிருந்து 10 நிமிடம்". அது நடந்து போகும் 10 நிமிடமா, ஞாயிற்றுக்கிழமை காலை காரில் போகும் 10 நிமிடமா என்பதை மட்டும் போட்டிருக்க மாட்டார்கள்.

நகருக்குள் வீடு வாங்க பட்ஜெட் இடிக்கிறது. "சரி, கொஞ்சம் தள்ளிப் போயிடலாம்" என்று முடிவாகிறது. அடுத்த கேள்வி, எந்தப் பக்கம் தள்ளி? கூடுவாஞ்சேரியா, ஆவடியா, பூந்தமல்லியா, கேளம்பாக்கமா? பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு நாம் அரை நாள்தான் செலவழிக்கிறோம். மாடல் ஃபிளாட்டின் கிச்சனைப் பார்க்க இரண்டு நாள் போகிறோம். உண்மையில் இது தலைகீழாக இருக்க வேண்டும். கிச்சனைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ரயில் நிற்கும் இடத்தையும், மழைத் தண்ணீர் ஓடும் திசையையும் மாற்ற முடியாது. 20 வருஷ இ.எம்.ஐ. கட்டப்போவது அந்த ஊருக்கும் சேர்த்துத்தான்.

எந்தப் பக்கம்?

இதை வேலை செய்யும் இடம்தான் முடிவு செய்ய வேண்டும். சென்னையின் புறநகர் மின்சார ரயில் மூன்று திசையில் போகிறது. தெற்கே தாம்பரம், செங்கல்பட்டு. மேற்கே ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். வடக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. கிண்டியில் ஆபீஸ் என்றால் தெற்கு வசதி. அம்பத்தூர் எஸ்டேட் என்றால் மேற்கு. ஓ.எம்.ஆரில் வேலை என்றால் கணக்கே வேறு. சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் புறநகர் ரயில் பாதையே கிடையாது. ஊரப்பாக்கத்தில் வீடு வாங்கிக்கொண்டு சிறுசேரி போக வேண்டுமென்றால், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலைதான் தினமும் கதி.

கணவன், மனைவி இருவருக்கும் வேலை என்றால் இரண்டு ஆபீஸையும் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு 30 நிமிடம், இன்னொருவருக்கு 2 மணி நேரம் என்றால், அது இருவருக்குமான ஊர் இல்லை.

கிலோமீட்டர் வேண்டாம், நேரத்தைப் பாருங்கள்

ஒரு சின்னக் கணக்கு. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வருஷத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் 750 மணி நேரம். அதாவது முழுசாக 31 நாள்! வருஷத்தில் ஒரு மாசம் ரயிலிலும் பஸ்ஸிலுமே போய்விடுகிறது.

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 30 கி.மீ., செங்கல்பட்டு சுமார் 60 கி.மீ. ஆனால் வித்தியாசம் வெறும் தூரத்தில் இல்லை. தாம்பரம் வரை ரயில் அடிக்கடி ஓடும். அதைத் தாண்டினால் குறையும். ஒரு ரயிலை விட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், ராத்திரி கடைசி ரயில் எப்போது, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ இருக்கிறதா? இந்த மூன்றையும் டைம்டேபிளில் பார்த்ததோடு விடாமல், ஒரு திங்கள்கிழமை காலை 8 மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

"மெட்ரோ வரப்போகுது சார்!"

வந்துவிட்டதற்கு விலை கொடுக்கலாம். வரப்போவதற்கு முழு விலை கொடுப்பது ரிஸ்க். வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு வெறும் 5 கி.மீ.தான். 2008-ல் தொடங்கிய பணி, நிலம் கையகப்படுத்தும் சிக்கலால் 15 வருஷம் தாண்டியும் இழுத்தது. அந்த ரயிலை நம்பி அந்தப் பக்கம் வீடு வாங்கியவரின் கடன் காலத்தில் முக்கால்வாசி அதிலேயே போயிருக்கும்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இதற்கு நேர்மாறு. 2023 டிசம்பர் 30-ல் திறந்தாகிவிட்டது, கண்ணால் பார்க்கலாம். திருச்சி, மதுரை, நெல்லைக்கு அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு வண்டலூர், ஊரப்பாக்கம் வசதிதான். அதோடு வரும் போக்குவரத்து நெரிசலையும் சேர்த்தே வாங்குகிறீர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

டிசம்பரில் இந்தத் தெரு எப்படி இருக்கும்?

வடகிழக்குப் பருவமழைதான் சென்னையின் முக்கிய மழைக்காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஆற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் மறுபடியும் செய்தியில் வந்தன.

ஊர்ப் பெயரே சில நேரம் துப்பு கொடுக்கும். 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. 'ஏரிக்கரைத் தெரு' என்று பெயர் இருந்தால், ஏரி இப்போது எங்கே போனது என்று கேளுங்கள். பில்டரிடம் கேட்பதைவிட தெருமுனை டீக்கடை, இஸ்திரி வண்டி, பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கேட்பது நல்லது. "இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் "அதெல்லாம் நிக்காது" என்பார்கள். "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

மே மாதம்?

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். புறநகரில் பல அபார்ட்மென்ட்டுகள் போர்வெல், லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. கேட்க வேண்டியது: குழாய் இணைப்பு இருக்கிறதா, போர் எத்தனை அடி, போன மே மாதம் எத்தனை லாரி வந்தது? பாதாளச் சாக்கடை இல்லாவிட்டால் கழிவுநீர் லாரிக்கும் பணம் கொடுக்க வேண்டும். இதெல்லாம் மெயின்டனன்ஸ் பில்லாக மாதாமாதம் வரும், விளம்பரத்தில் வராது.

அந்த இடம் எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் மாநகராட்சி ஆகின. சற்றுத் தள்ளினால் ஊராட்சி. சாலை, குப்பை, தெருவிளக்கு, வீட்டு வரி எல்லாம் அதற்கேற்ப மாறும்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு"

இந்த வார்த்தையைக் கேட்டால் உஷாராகுங்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. ஒப்புதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது 8 ஃபிளாட்டுக்கு மேல் கட்டும் திட்டம் என்றால் ரெரா பதிவும் கட்டாயம். அந்த எண்ணை இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யும் முன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்க பில்டருக்கு உரிமை இல்லை. வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் மூன்றையும் உங்கள் வக்கீல் பார்க்கட்டும், பில்டர் சொல்லும் வக்கீல் வேண்டாம்.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

50 லட்சம் ரூபாய் வீடு என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி 80% வரைதான் கடன் கிடைக்கும். மீதி 10 லட்சம் உங்களுடையது. பழைய ஃபிளாட்டோ தனி வீடோ என்றால் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 4.5 லட்சம் தனி. புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு விகிதம் குறைவு. ஆனால் கட்டுமானம் முடிவதற்கு முன் வாங்கினால் ஜிஎஸ்டி வரி உண்டு. 40 லட்சம் கடனுக்கு 8.5% வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 34,700 ரூபாய். பயணச் செலவு, மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரியை இதோடு கூட்டிப் பாருங்கள். நகருக்கு 10 கி.மீ. அருகில் கொஞ்சம் சின்ன வீடு, கிட்டத்தட்ட அதே செலவில் முடியலாம்.

அவசரம் இல்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மனசுக்குப் பிடித்த ஊரிலேயே முதலில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போங்கள். ஒரு கார்த்திகை மழையையும் ஓர் அக்னி நட்சத்திரத்தையும் அங்கே பார்த்துவிடலாம். ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு வருகிறது, ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, கரண்ட் எத்தனை முறை போகிறது எல்லாம் தெரிந்துவிடும். "அதுக்குள்ள விலை ஏறிடும்" என்று புரோக்கர் சொல்வார். ஏறலாம். ஆனால் பிடிக்காத ஊரில் மாட்டிக்கொண்டு வீட்டை விற்க அலைவதைவிட அது மலிவுதான்.