கசியும் எண்ணெயும் பழைய அம்பாசடரும்

பழைய அம்பாசடர் வண்டியை இன்றும் போற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. உத்தரபாராத் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. தந்தை ஓட்டிய வண்டி என்னும் பாசம் நிற்கவில்லை. அவ்வீடுகளில் வண்டி நிற்குமிடத்தைப் பார்த்தால் சிமெண்டுத் தரையில் கரிய வட்டம் ஒன்று தெரியும். 'பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும்' என்று மணலைத் தூவிவிட்டு நம் அலுவலைப் பார்க்கச் செல்கிறோம்.

நானும் அப்படி இருந்தவன்தான். ஒரு நாள் மேட்டுப் பாதையில் எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்கிற்று. வண்டியை நிறுத்தி அளவுகோலை உருவினால், அதன் நுனி மட்டுமே நனைந்திருந்தது! இன்னும் சிறிது தொலைவு ஓட்டியிருந்தால் பேரிங்குகள் உருகி எஞ்சினே இறுகியிருக்கும். பட்டறை ஒன்றில் எஞ்சினை இறக்கியே தீரவேண்டும் என்றார்கள். செலவைக் கேட்டு மலைத்துப்போய், முதிய மெக்கானிக் ஒருவரை நாடினேன்.

"இறக்குவது இருக்கட்டும். எஞ்சின் மூச்சு விடுகிறதா என்று முதலில் பார்ப்போம்" என்றார் அவர். பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கும் வாயு, பிரீதர் குழாய் வழியே வெளியேற வேண்டும். என் வண்டியில் அக்குழாய் எண்ணெய்ப் பிசுக்கால் அடைந்து கிடந்தது. போக வழியில்லாத வாயு, இணைப்புகளின் வழியே எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. குழாயைத் துப்புரவு செய்ததும் கசிவு பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதியைக் கண்டுபிடிப்பதற்குப் பொறுமை தேவைப்பட்டது. எஞ்சினின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்தி, ஐயமுள்ள இடங்களில் முகப்பவுடர் தூவினார். சிறிது ஓட்டிய பின் பவுடர் எங்கு நனைந்திருக்கிறதோ அங்குதான் ஊற்று. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். காற்றால் பின்னோக்கியும் பரவும். ஆகவே சொட்டுகிற இடத்தைக் கசிகிற இடம் என்று கொள்ளலாகாது. என் வண்டியில் மேலுள்ள டாப்பட் மூடியின் தக்கைக் கேஸ்கெட்டே குற்றவாளி. கசிகிறதே என்று நானே திருகை மேலும் மேலும் இறுக்கி, அத்தக்கையை நசுக்கியிருந்தேன்! புதியதை அளவாக இறுக்கிய பின் அவ்விடம் உலர்ந்தது.

கிளட்ச் பெட்டியின் அடியில் விழும் துளிகள் வேறு வகை. பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டு சுழலும்போது அதில் வெட்டிய திருகுவரையே எண்ணெயை உள்ளே திருப்புகிறது. வண்டி நின்றபின் சில துளிகள் விழக்கூடும். இதற்காக எஞ்சினை இறக்குவது வீண்செலவு என்பது என் கருத்து. ஆனால் கிளட்ச் வழுக்கத் தொடங்கினாலோ, சூடான புகைக்குழாயில் எண்ணெய் பட்டுக் கருகும் நாற்றம் வந்தாலோ தாமதிக்கலாகாது. பின்னது தீ விபத்தில் முடியலாம். கசிவை நிறுத்தும் என்று கடைகளில் விற்கும் திரவங்கள் ரப்பரைச் சற்று உப்பச் செய்யுமே அன்றி, நசுங்கிய தக்கைக்கு உதவா.

இப்போது வாரந்தோறும் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் அளவு பார்க்கிறேன். ஊற்றியதைக் கிலோமீட்டர் கணக்குடன் குறித்தும் வைக்கிறேன். வண்டியின் அடியில் ஒரு தகரத் தட்டு இருக்கிறது. அதில் சேர்வதைச் சாக்கடையில் கொட்டாமல், டப்பாவில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன்.