சொந்தக் காசில் ஒரு பாலம்!

திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறி பாளையங்கோட்டைக்குப் போனால், வழியில் தாமிரபரணியைத் தாண்டுவோம். அந்தப் பாலத்தின் பெயர் சுலோச்சன முதலியார் பாலம். பெயரைக் கேட்டதும் 'யாரோ ஒரு பணக்கார அம்மா' என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, அவர் ஆண். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக வேலை பார்த்தவர்.

1840 வாக்கில் இங்கே பாலமே கிடையாது. இந்தக் கரையில் நெல்லையப்பர் கோயிலும் கடைத்தெருவும். அந்தக் கரையில் பாளையங்கோட்டை. நடுவில் வற்றாத ஆறு. கடப்பதற்குப் படகுதான். படகுத்துறையில் கூட்டம் காத்துக் கிடக்கும். யார் முதலில் ஏறுவது என்பதில் தள்ளுமுள்ளு, அடிதடி. வெள்ளம் வந்துவிட்டால் படகும் ஓடாது.

பாலம் கட்டலாம் என்று பேச்சு எழுந்தது. பணம்? ஜனங்களிடம் வசூலிக்க யோசித்தார்களாம். ஏழைகள் தலையில் இந்தச் சுமை வேண்டாமே என்று முதலியார் மொத்தச் செலவையும் தானே ஏற்றார். சுமார் 50,000 ரூபாய்! அவர் மனைவியும் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று நெல்லைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

1843-ல் பாலம் திறக்கப்பட்டது. மொத்தம் 11 வளைவுகள். லண்டனில் தேம்ஸ் நதி மீது 1817-ல் திறந்த வாட்டர்லூ பாலம்தான் இதற்கு மாதிரி.

ஆற்றுப் பாலத்துக்கு மேலே ஓடும் வண்டிகளைவிட, கீழே ஓடும் தண்ணீர்தான் பெரிய சோதனை. தூணைச் சுற்றிச் சுழலும் நீர், அடியில் இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். பிடிமானம் போனால் தூண் கீழே இறங்கிவிடும். வாட்டர்லூ பாலத்துக்கு அதுதான் நடந்தது. கடைசியில் 1930-களில் அதை இடித்துவிட்டு வேறு பாலம் கட்டினார்கள்.

நெல்லைப் பாலத்தையும் ஆறு சும்மா விடவில்லை. 1869 வெள்ளத்தில் அடிபட்டது. பழுது பார்த்து நிமிர்த்தினார்கள். 1992-ல் ஒரு பெருவெள்ளம், 2023 டிசம்பரில் இன்னொன்று. குறுக்குத்துறை முருகன் கோயிலையே ஆறு மூழ்கடித்தது. பாலமோ அசையவில்லை. மாதிரி போய்விட்டது, அதைப் பார்த்துக் கட்டியது நிற்கிறது!

மாட்டு வண்டிக்காகக் கட்டிய பாலம், பஸ்ஸும் லாரியும் பெருகியதும் திணறியது. அதை அகலப்படுத்தினார்கள். அதுவும் போதாமல், பக்கத்திலேயே இன்னொரு பாலமும் வந்துவிட்டது. ஆனாலும் பெயர் என்னவோ அவருடையதுதான்.

அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "இதை ராஜாவும் கட்டலை, கம்பெனியும் காசு தரலை. மாசச் சம்பளம் வாங்கின ஒருத்தர் கட்டிக் கொடுத்தது!"