கைக்குள் அடங்கிய விளையாட்டு

சென்னை மாநகரில் அடையாற்றின் வடகரையில் அமைந்த பழைய பகுதி சைதாப்பேட்டை. கிண்டிக்கும் பரங்கிமலைக்கும் செல்லும் பெருவழி இவ்வூரின் வழியே ஆற்றைக் கடக்கின்றது. அவ்விடத்தில் 1726ஆம் ஆண்டில் ஒரு பாலம் கட்டப்பட்டது. தம் சொந்தச் செலவில் அதனைக் கட்டுவித்தவர் காஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். அப்பழைய பாலம் இன்று இல்லை. 1966ஆம் ஆண்டில் அதற்கு ஈடாகப் புதிய பாலம் எழுந்தது. அது மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. உஸ்கானின் கொடையைக் கூறும் கல்வெட்டு மட்டும் பாலத்தருகே எஞ்சியுள்ளது. பழையன மறைவதும், அவற்றுள் சில எஞ்சி நிற்பதும் உலக இயற்கை. எதனைக் கழிப்பது, எதனைக் காப்பது என்பதே ஆராயத்தக்கது.

இவ்வினா ஆண்டுதோறும் போகிப் பண்டிகையின்போது வீடுதோறும் எழுகின்றது. பரணில் உள்ளவை யாவும் கீழே இறக்கப்படும். கிழிந்த பாய், உடைந்த முறம், தேய்ந்த துடைப்பம் ஆகியவற்றோடு, சில வீடுகளில் வேறொரு பொருளும் வெளிப்படக்கூடும். செங்கல்லைப் போன்ற சாம்பல்நிறப் பெட்டி அது. அதன் நெற்றியில் சிறிய சதுரத் திரையும், கீழே சில பொத்தான்களும் இருக்கும். உடன் தீப்பெட்டியினும் சற்றே பெரிய, தட்டையான வில்லைகள் இரண்டு மூன்று கிடக்கும். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடா நாட்டிலிருந்தோ வந்த உறவினர் 1990களில் கொணர்ந்து தந்ததாக அஃது இருக்கலாம். சென்னைக் கடற்கரை நிலையத்தருகே 1969ஆம் ஆண்டில் தோன்றிய பர்மா பஜாரில் வாங்கியதாகவும் இருக்கலாம். பொத்தானை அழுத்தினால் ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை. எறியத்தக்க குப்பை என்றே வீட்டார் கருதுவர். எறியுமுன் அஃது இன்னதென்று அறிந்துகொள்ளுதல் நன்று.

அப்பெட்டியின் பெயர் கேம் பாய். ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரிலுள்ள நின்டெண்டோ நிறுவனம் 1989ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அதனை வெளியிட்டது. ஏறத்தாழ 15 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் உடைய அக்கருவி, இரு கைகளாலும் பற்றிக்கொண்டு விளையாடுவதற்கென்றே அமைந்தது. உடனிருக்கும் வில்லைகளே விளையாட்டுகள். ஆங்கிலத்தில் கார்ட்ரிட்ஜ் எனப்படும் அவற்றை, தமிழ்நாட்டுச் சிறுவர் பாட்டு நாடாவின் பெயரையே இட்டுக் கேசட் என்று அழைத்தனர். அவற்றுள் நாடா ஏதும் இல்லை. எனினும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு கருவியில் பல விளையாட்டுகள் எங்ஙனம் அடங்குகின்றன என்பதற்குத் தறியே தக்க உவமை. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் கரையிலும் முந்தியிலும் பூவேலை செய்வதற்குத் துளையிட்ட அட்டைகளைக் கோத்து மாட்டுவர். 1804ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான ஜக்கார்டு என்பவர் அமைத்த முறை அது. எந்த நூல் எழவேண்டும், எந்த நூல் தாழவேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகள் தறிக்கு அறிவிக்கின்றன. அட்டை மாறினால் பூ மாறும், தறி மாறுவதில்லை. கேம் பாய் தறியை ஒத்தது. கேசட் அட்டையை ஒத்தது. கேசட்டினுள் ஒரு சிறு சில்லு உள்ளது. விளையாட்டுக்குரிய கட்டளைகளும், படங்களும், ஓசைகளும் அதில் ஆலையிலேயே அழியாவண்ணம் பதிக்கப்பெற்றுள்ளன. அதன் அடிவிளிம்பில் 32 உலோகத் தொடுமுனைகள் வரிசையாக உள்ளன. கருவியில் செருகியவுடன் அம்முனைகள் உள்ளிருக்கும் முனைகளைத் தொடுகின்றன. கருவியின் மூளையாகிய செயலி, சில்லிலுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்யத் தொடங்குகின்றது.

அவ்வாறு தொடங்குமுன் ஒரு சோதனை நிகழ்கின்றது. நின்டெண்டோ என்னும் பெயர்ப்படம் ஒவ்வொரு கேசட்டிலும் பதிந்துள்ளது. கருவி அதனைப் படித்துத் திரையின் மேலிருந்து கீழே இறங்கச் செய்கின்றது. பின்பு தன்னிடமுள்ள படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றது. இரண்டும் ஒத்திருந்தாலன்றி விளையாட்டு தொடங்காது. தொடுமுனையில் அழுக்குப் படிந்திருந்தால் படம் சிதையும். பெயருக்கு மாறாகக் கரும்பட்டை ஒன்றே திரையில் தோன்றும். கருவி அங்கேயே நின்றுவிடும். பரணில் கிடந்த கருவி பழுதாயிற்று என்று பலர் எண்ணுவது இக்காரணத்தால்தான். அழுக்கைப் போக்க வாயால் ஊதுவது சிறுவர் வழக்கம். அது தவறு; மூச்சிலுள்ள ஈரம் உலோகத்தை அரித்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் நனைத்த பஞ்சினால் மெல்லத் துடைத்து, உலரவிட்டுச் செருகுவதே முறை.

விளையாட்டைக் கருவியினின்றும் பிரித்து மாற்றத்தக்க தனிப்பொருளாக்கும் எண்ணம் அமெரிக்காவில் உருப்பெற்றது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் ஃபேர்சைல்டு சேனல் எஃப் என்னும் கருவி, சில்லுள்ள கேசட்டுகளைக் கொண்டு 1976ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை அமைத்த குழுவின் தலைவர் ஜெர்ரி லாசன் என்னும் கருப்பினப் பொறியாளர். 1979ஆம் ஆண்டில் மைக்ரோவிஷன் என்னும் கையடக்கக் கருவி தோன்றியது. கேசட் மாற்றி ஆடும் கையடக்கக் கருவிகளுள் அதுவே முதலாவது. ஆயினும் அதன் திரையில் குறுக்கே 16, நெடுக்கே 16 புள்ளிகளே இருந்தன. சில ஆண்டுகளில் அது வழக்கொழிந்தது.

கேம் பாயை உருவாக்கிய குழுவை நடத்தியவர் குன்பெய் யோகோய். 1941ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1965ஆம் ஆண்டில் நின்டெண்டோவில் பணிக்குச் சேர்ந்தார். 1889ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் அந்நாளில் சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்றுவந்தது. சீட்டுச் செய்யும் பொறிகளைப் பழுதுபார்த்துக் காப்பதே யோகோயின் வேலை. ஓய்வு நேரத்தில் அவர் தமக்கெனச் செய்துகொண்ட விளையாட்டுப் பொருள் நிறுவனத் தலைவரின் கண்ணிற்பட்டது. அதுவே அவருடைய வாழ்வை மாற்றியது. பின்னர் 1980ஆம் ஆண்டில் கேம் அண்டு வாட்ச் என்னும் சிறு கருவிகளை அவர் அமைத்தார். கணக்கிடும் கருவிகளுக்கென மலிவாகச் செய்யப்பட்டுவந்த திரையையும் சில்லையும் விளையாட்டுக்குப் பயன்படுத்தியதே அவற்றின் சிறப்பு.

யோகோய் கைக்கொண்ட கொள்கை ஒன்று உண்டு. 'வாடிய தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் நோக்குதல்' என அதனைத் தமிழிற் கூறலாம். வாடியது என்றால் பயனற்றது என்பது பொருளன்று. நெடுநாள் வழங்கி, குறைநிறைகள் யாவும் தெரிந்து, விலை குறைந்துவிட்டது என்பதே பொருள். அத்தகைய பழைய நுட்பத்தை எவரும் எண்ணாத புதிய இடத்தில் அமர்த்துவதே அறிவின் வேலை என்று அவர் கருதினார்.

இக்கொள்கை விரைவிலேயே உரைகல்லில் உரைக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டிலேயே அடாரி நிறுவனம் லின்க்ஸ் என்னும் கருவியை வெளியிட்டது. 1990ஆம் ஆண்டில் சேகா நிறுவனம் கேம் கியரை வெளியிட்டது. இரண்டிலும் வண்ணத்திரை உண்டு. திரைக்குப் பின்னிருந்து ஒளிரும் விளக்கும் உண்டு. கேம் பாய்த் திரையிலோ மஞ்சள் கலந்த பச்சைப் பின்னணியில் நான்கே சாயல்கள், விளக்கில்லை, இருட்டில் ஆட இயலாது. பார்த்த அளவில் எவரும் மற்ற இரண்டையுமே விரும்புவர். ஆனால், கேம் கியர் 6 மின்கலங்களைச் சில மணி நேரத்தில் உண்டு தீர்த்துவிடும். கேம் பாய் 4 மின்கலங்களைக் கொண்டு 10 மணி நேரத்திற்கு மேலும் ஆடும். விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. கையிற் கொண்டு செல்லும் கருவிக்கு எது இன்றியமையாதது என்பதை யோகோய் உணர்ந்திருந்தார். பின்னர் வந்த வண்ணத்திரைக் கேம் பாயையும் சேர்த்து, உலகெங்கும் 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின.

இவ்வெற்றியில் டெட்ரிஸ் என்னும் விளையாட்டுக்கும் பெரும்பங்குண்டு. மாஸ்கோ நகரில் சோவியத்து அறிவியற் கழகத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து இறங்கும். அவற்றைத் திருப்பி, இடைவெளியின்றி அடுக்கவேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும். இதற்கு மொழி வேண்டா, கதை வேண்டா, வண்ணமும் வேண்டா. ஆகவே சிறுவரும் முதியோரும் ஒருங்கே அதில் ஈடுபட்டனர். அக்கேசட்டின் கொள்ளளவு 32 கிலோபைட்டு மட்டுமே. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே இதனினும் பன்மடங்கு இடங்கொள்ளும். 1993ஆம் ஆண்டில் ரஷ்ய விண்வெளி வீரர் செரெப்ரோவ் தம் கேம் பாயையும் டெட்ரிஸ் கேசட்டையும் மிர் விண்வெளி நிலையத்திற்கு எடுத்துச் சென்றார். மலிவான பழைய நுட்பம் வானையும் எட்டியது.

இந்திய நாட்டில் அக்காலத்தில் கேம் பாய் எல்லார்க்கும் எட்டிய பொருளன்று. தொலைக்காட்சியோடு இணைக்கும் மலிவான கருவிகளும், அவற்றுக்குரிய மஞ்சள்நிறக் கேசட்டுகளுமே 1990களில் பெரிதும் பரவின. கையடக்கக் கருவி வேண்டுவோர்க்குச் சீனத்திலிருந்து வந்த, கட்டைகளை அடுக்கும் ஆட்டப்பெட்டி கிடைத்தது. அதன் முகப்பில் 'ஆயிரக்கணக்கான ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருப்பர். உள்ளே இருப்பவை சிலவே. அதில் கேசட் மாற்ற வழியில்லை. ஆதலின் ஒரே தெருவில் ஒரு சிறுவனிடம் கேசட் இருப்பின், அது பல வீடுகளுக்கு மாறிமாறிச் செல்வது இயல்பாயிற்று.

இனி, பரணில் கிடந்த கேசட்டிற்கு மீண்டும் வரலாம். அதில் பதித்த விளையாட்டு மின்சாரம் இன்றியே பல்லாண்டு நிலைத்திருக்கும். ஆனால், சில கேசட்டுகளில் பிறிதொரு பகுதியும் உண்டு. 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் போன்ற நீண்ட விளையாட்டுகளை ஒரே நாளில் முடிக்க இயலாது. ஆடுவோன் பெயரையும், அவன் அடைந்த நிலையையும் நினைவில் வைக்கவேண்டும். அதற்கெனத் தனிச் சில்லு ஒன்று உள்ளது. காசளவான மின்கலம் ஒன்று அதற்கு இடைவிடாது சிறிது மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். பத்து இருபது ஆண்டுகளில் அம்மின்கலம் ஓய்ந்துவிடும். அக்கணமே நினைவும் அழிந்துவிடும். விளையாட்டு, நூலில் அச்சிட்ட எழுத்தைப் போன்றது. ஆடியவன் விட்டுச்சென்ற சுவடு, கரும்பலகையில் எழுதிய எழுத்தைப் போன்றது.

பள்ளி நாளில் ஆடிய அண்ணன் இன்று அயல்நாட்டில் இருக்கலாம். இவ்வுலகிலேயே இல்லாதிருக்கவும் கூடும். அவன் தன் கையால் இட்ட பெயர் அக்கேசட்டினுள் உள்ளது. உஸ்கான் கட்டிய பாலம் மறைந்தும் அவர் பெயர் கல்லில் நிற்கின்றது. இங்கோ, விளையாட்டு நிலைத்திருந்தும், ஆடியவன் பெயர் மறைந்துபோகின்றது. மின்கலம் ஓயுமுன் அந்நினைவைக் கணினிக்குப் படியெடுத்துவைக்கும் சிறு கருவிகள் இன்று உள்ளன. படியெடுத்தபின் பழைய மின்கலத்தை நீக்கிப் புதியதைப் பற்றவைத்து, நினைவைத் திரும்பப் பதிக்கலாம். பற்றவைக்கும் கோலும் பொறுமையும் உடைய எந்தப் பழுதுபார்ப்பவரும் இதனைச் செய்ய வல்லார். அதற்குரிய சிறுபொருள்கள் அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்கும்.

கருவியே கெட்டுவிட்டாலும் கேசட் வீணாவதில்லை. 1998ஆம் ஆண்டில் வந்த கேம் பாய் கலரும், 2001ஆம் ஆண்டில் வந்த கேம் பாய் அட்வான்சும் பழைய கேசட்டுகளை ஏற்கின்றன. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அனலாக் பாக்கெட் என்னும் புதிய கருவி வெளிவந்தது. அதிலுள்ள சில்லின் மின்சுற்றுகளை வேண்டியவாறு மாற்றியமைக்கலாம். ஆதலின் அது பழைய கருவியின் சுற்றுகளையே தன்னுள் அமைத்துக்கொள்கின்றது. கேம் பாயின் திரை குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகளை உடையது. இப்புதிய கருவியின் திரை இருபுறமும் அதனினும் பத்து மடங்கு நுண்மையுடையது. முப்பதாண்டுக்கு முற்பட்ட கேசட்டைச் செருகினால், அதே ஆட்டம், அதே ஓசையுடன், முன்னினும் தெளிவாக எழுகின்றது.

யோகோய் 1997ஆம் ஆண்டில் சாலை நேர்ச்சி ஒன்றில் உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற கொள்கை விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. பழையது வேறு, பயனற்றது வேறு. இரண்டையும் பிரித்தறியாதவன் போகித் தீயில் இரண்டையும் ஒருங்கே இடுவான். நெகிழியையும் மின்கலத்தையும் எரிப்பதால் நச்சுப்புகை எழுந்து சுற்றத்தார்க்கும் கேடு விளையும். பிரித்தறிபவனோ பெட்டியைத் திறப்பான்; கசிந்த மின்கலத்தை அகற்றுவான்; முனைகளைத் துடைப்பான்; கேசட்டைச் செருகிப் பொத்தானைத் தள்ளுவான். திரையின் மேலிருந்து பெயர்ப்படம் மெல்ல இறங்கி நிற்கும். 'டிங்' என்னும் இனிய ஓசை எழும். அவ்வோசையைக் கேட்டபின் அதனைக் குப்பை என்று கூறுவார் எவரும் இலர்.