ஆணியில் தொங்கிய ஜாக்கெட்

போன அறுவடைக் காலத்தில் என் ராத்தாவின் மகன் சம்மாந்துறைப் பக்கமிருந்து வரும்போது மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். வீதி ஓரத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். வெட்டு முடிந்தால் எங்கள் பக்கத்துத் தார் வீதிகளெல்லாம் களம்தான். நெல்மணி டயருக்கு அடியில் குண்டுமணிபோல் உருளும். பிரேக் பிடித்ததும் பின்சில்லு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, இவன் மறுபக்கம் தார் வீதியில் தேய்ந்துகொண்டு போயிருக்கிறான். எலும்புக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இல்லை.

கத்தாரிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த தோல் ஜாக்கெட் ஒன்று அவனிடம் இருக்கிறது. முழங்கையிலும் தோளிலும் காப்புத் தகடு வைத்தது. அன்று அது வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"நாறுது மாமா. அதப் போட்டுட்டு கிளாசுக்குப் போக ஏலா."

நான் தோஹாவில் ஒன்பது வருடம் செய்த வேலையே அந்த நாற்றத்தைப் போக்குவதுதான். ஸல்வா ரோட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிள் உடுப்புகள் விற்கும் ஒரு கடையின் பின்னறையில் ஜாக்கெட், கையுறை, உடலோடு ஒட்டிய முழுத் தோலுடை எல்லாம் துடைத்துக் காயவைப்பது என் பொறுப்பு. மருமகனுக்கு ஜாக்கெட்டைக் கொடுத்தேன், அதை வைத்திருக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் கையைப் பார்க்கும்போதெல்லாம் அது மனதை அறுக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கத்தார் வெயிலை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அங்கே போகாத குடும்பம் எங்கள் நிந்தவூரில் குறைவு. அங்குள்ள லுசைல் ஓடுபாதையில் 2004 ஆம் ஆண்டு முதல் மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் பகலில் நடந்தது. 2008 இலிருந்து விளக்கு வெளிச்சத்தில் இரவில் ஓடுகிறார்கள். சொந்த வண்டியோடு ஓட வரும் சாதாரண ஆட்களும் கோடையில் விடியுமுன் வந்து வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள். அப்படி ஓடியும் அவர்கள் கழற்றித் தரும் தோலுடையின் உட்புறம் பிழிந்தால் சொட்டும்.

எனக்கு வேலை பழக்கியவர் தமிழ்நாட்டு வாணியம்பாடிக்காரர். பாலாற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்ட குடும்பம். முதல் நாள் நான் ஒரு ஜாக்கெட்டைத் தூக்கி முகம் சுளித்தபோது, "தம்பி, தோல் நாறாது. உள்ளே இருக்கிற துணிதான் நாறும். முதல்ல அதைப் பிரிச்சுப் பாருங்க" என்றார். இந்தத் தொழிலில் நான் கற்ற எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து தொடங்கியதுதான்.

மனித உடம்பில் 20 இலட்சத்திலிருந்து 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. புதிதாக வரும் வியர்வைக்குப் பெரிதாக வாடை இல்லை. நம் தோலில் எப்போதும் வாழும் பக்டீரியாக்கள் வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் உள்ளதைத் தின்று சில அமிலங்களை வெளிவிடும். அந்தப் புளித்த வாடைதான் மூக்கில் ஏறுகிறது. உட்துணி ஈரமாகவும் சூடாகவும் இருக்கும்வரை அவை பெருகும். வியர்வை காய்ந்தாலும் அதன் உப்பு துணியிலேயே தங்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடற்காற்று அடிக்கும் எங்கள் ஊரில், காய்ந்துவிட்டது என்று நினைத்து மாட்டிய ஜாக்கெட் மறுநாள் காலையில் ஈரலிப்பாக இருப்பது இதனால்தான். உப்பு வெளியே போகாமல் வாடை போகாது.

ஊரில் இதற்குச் செய்யும் மூன்று வைத்தியங்களும் தோலைக் கெடுப்பவை. முதலாவது வெயிலில் போடுவது. பதனிட்ட தோலின் நார்களுக்கிடையே ஆலையிலேயே எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளைந்துகொடுப்பது அதனால்தான். உச்சி வெயிலில், அதிலும் தகரக் கூரைக்கு மேல் போட்டால், நார்கள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு முழங்கை மடிப்பில் வெடிப்பு விழும். வெடித்த தோல் விழுகிற நேரத்தில் கிழியும். அதைப் போட்டும் பயனில்லை. இரண்டாவது, துணி கழுவும் சவர்க்காரம். ஜாக்கெட்டுக்குப் பயன்படும் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது, புளிப்புத் தன்மையுள்ளது. சவர்க்காரமோ காரம். "தோலுக்குப் புளிப்புத்தான் சொந்தக்காரன்" என்பார் வாணியம்பாடிப் பாய். மூன்றாவது அத்தர். நாற்றத்தின்மேல் நறுமணம் பூசினால் இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்று வரும். அதன் எண்ணெய் தோலில் கறையும் வைக்கும்.

நான் செய்யும் முறை இது. வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டை அலுமாரிக்குள் வைக்காமல், சிப்பைத் திறந்து, கைகள் உட்பட உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, தோள் அகலமான ஹேங்கரில் விறாந்தையில் மாட்டுவேன். நிழல் வேண்டும், காற்று வேண்டும். காற்றில்லாவிட்டால் ஃபேன். ஆணியில் கழுத்தைக் கொழுவினால் ஒரே இடத்தில் பாரம் இழுத்துத் தோல் நீண்டுபோகும், உள்ளே காற்றும் போகாது. தினமும் இதை மட்டும் செய்தாலே பாதி வாடை வராது.

கழுவும் நாளில் காப்புத் தகடுகளைக் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். உட்துணி சிப் வைத்துக் கழற்றக்கூடியதென்றால் வேலை சுலபம், தனியே கழுவிவிடலாம். தோலோடு தைத்ததென்றால் பொறுமை வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லீற்றருக்குக் குழந்தை ஷாம்பு சில துளி. பழைய மருதமுனைக் கைத்தறிச் சாறன் துண்டை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து, அக்குள், கழுத்து, முதுகு என்று துடைக்க வேண்டும். வேறு சாறனைவிட அந்தத் துணி தண்ணீரை நன்றாகக் குடிக்கும் என்பது என் அனுபவம். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை. உப்பு போவது இந்தத் தடவைகளில்தான், இதைச் சுருக்கக் கூடாது. கடைசியில் உலர்ந்த துவாயை உள்ளே வைத்து அமுக்கி ஈரத்தை எடுத்துவிட வேண்டும்.

வாடை பழையதென்றால், வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து உட்துணியில் மட்டும் துடைக்கலாம். வினாகிரி மணம் காயும்போது போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகும் ஏதாவது மிச்சமிருந்தால் அப்பச்சோடாவைத் துணியில் தூவி ஒரு இரவு வைத்து, காலையில் தூரிகையால் முழுவதும் தட்டி எடுக்க வேண்டும். நாறும் அமிலங்களை அது செயலிழக்கச் செய்யும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், பயனில்லை. சோடா காரம் என்பதால் ஈரத்தோடு தோலில் படக்கூடாது.

வெளிப்புறத்துக்குப் பிழிந்த துணி போதும். ஒட்டிய பூச்சிகளைச் சுரண்டாமல் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்தால் தானாக இளகும். இரண்டு நாள் நிழலில் காய்ந்தபின் தோலுக்குரிய கிறீம் மெல்லிசாகப் பூசலாம். காற்றுக்காகச் சிறு துளைகள் போட்ட தோலென்றால் துளை அடைபடாதபடி துணியில் தொட்டுப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். உம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து என்று தெரியும். ஆனால் தோலில் அது தூசியைப் பிடித்து, நாளானால் காறிப்போய்ப் புதிய வாடை கொடுக்கும்.

எல்லாவற்றையும்விட உள்ளே போடும் மெல்லிய முழுக்கைச் சட்டை முக்கியம். ஓடுபாதைக்கு வருகிறவர்கள் ஒருவரும் வெறும் உடம்பில் தோலுடை போடமாட்டார்கள். விளையாட்டுக்காரர் போடும், சீக்கிரம் காயும் துணிச் சட்டை இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கழுவினால், வியர்வையில் பெரும்பங்கு ஜாக்கெட்டுக்கே போகாது.

எங்கள் ஊரில் இரண்டு காலத்துக்கு இரண்டு கவனம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று நெருப்புப்போல் அடிக்கும்போது விரைவில் காயும், ஆனால் தோலும் வறண்டுவிடும். அப்போது கிறீம் தேவை. வாடைக்காற்றோடு மாரி தொடங்கினால் பயம் பூஞ்சணம். பொலித்தீன் உறைக்குள் போட்டுக் கட்டினால் ஒரு மாதத்தில் வெள்ளை படரும். பருத்தித் தலையணை உறையைத் தோளில் போர்த்தி, மழை வெளித்த நாளில் வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும்.

கையுறைகள் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். சிலவற்றின் உட்புறத்தில் பன்றித்தோல் வரும். மயிர்த் துளைகள் மூன்று மூன்றாகக் கூட்டமாய் இருந்தால் அதுதான். மாட்டுத்தோலில் துளைகள் அப்படிக் குழுவாக இராது. நம் ஷாபிஈ மத்ஹபில் நாய், பன்றி தவிர்ந்த தோல்கள் பதனிட்டால் சுத்தமாகிவிடும். பந்தய உடைகளில் வரும் கங்காருத் தோல் பற்றி ஒருவர் தயக்கத்தோடு என்னிடம் கேட்டிருக்கிறார், அதில் பிரச்சினையில்லை.

ஹெல்மட்டின் கன்னத் திண்டுகளைக் கழற்றி அதே ஷாம்பு தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும். பெற்றோல், தின்னர் எதுவும் அதில் படக்கூடாது. உள்ளே இருக்கும் நுரைத் தகட்டைக் கரைத்துவிடும்.

மருமகனின் ஜாக்கெட்டை நானும் அவனும் சேர்ந்து கழுவினோம். அவனுக்கு ஒரு கை கட்டில் இருந்ததால் பிழிந்து கொடுப்பது மட்டும் என் வேலை, துடைத்தது அவன். முதல் துடைப்பில் வந்த தண்ணீர் தேயிலைச் சாயம்போல் இருந்தது. "இவ்வளவுமா மாமா உள்ளுக்குள்ள இருந்த?" என்று கேட்டான். நான்காவது தடவைதான் தண்ணீர் தெளிந்தது. மூன்றாம் நாள் விடிய, சுபஹு தொழுதுவிட்டு வந்து அக்குள் பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தான். தோல் வாசனை மட்டும் இருந்தது.

கட்டு அவிழ்த்த வாரம் அதைப் போட்டுக்கொண்டுதான் கிளாசுக்குப் போனான். அன்று பின்னேரம் ராத்தா வீட்டுக்குப் போனபோது ஜாக்கெட் விறாந்தையில் உட்புறம் வெளியே தெரியப் புரட்டி மாட்டியிருந்தது, ஃபேன் அதைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.