தோட்டத்திலிருந்து போர்க்களத்துக்கு

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவருக்கு நாட்கூலி ஐம்பது, அறுபது காசு. எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அவ்வாண்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வோடு அந்த வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். அரசு துருப்புகளை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1943-இல் நேதாஜி மலாயாவுக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டபோது, தோட்டத்துப் பிள்ளைகள் திரண்டதற்கு அந்தக் காயமும் ஒரு காரணம். அது ஜப்பானியர் காலம். அரிசி கிடைக்கவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். அங்கே போய்ச் சாவதைவிடப் படையில் சேர்வது மேல் என்று எண்ணியவர்களும் உண்டு. காணாத இந்தியாவின் விடுதலைக்காகவே உயிரைக் கொடுக்க வந்தவர்களும் உண்டு. பலருக்கு இவை எல்லாமே காரணங்கள்.

கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண் ஜானகி, வயது 18. நேதாஜியின் பேச்சைக் கேட்டதும் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பின்னர் அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அங்கே அவரோடு அணிவகுத்த பெண்களில் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். கையில் பால்வெட்டும் கத்தி பிடித்தவர்கள் துப்பாக்கி பிடித்தார்கள்.

அன்று நாடு என்றால் கடலுக்கு அப்பாலிருந்த இந்தியா. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாடு மலேசியா. இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று சட்டமே சொல்கிறது. யாருக்காகவும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. ராணுவத்தில் சேர்ந்தால் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. ஆனாலும் சேரும் இந்திய இளைஞர்கள் குறைவு. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகி, பின்பு தாமான்களாகிவிட்டன. கூடி முடிவெடுத்த லயங்களும் அவற்றோடு போயின.

கோலாலம்பூரில் இந்தியப் பண்பாட்டு மையம் நேதாஜியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் பத்மஸ்ரீ கிடைத்தது; அவர் 2014-இல் மறைந்தார். அவரோடு நடந்த தோட்டத்துப் பெண்கள் பலரின் பெயர்கூட எங்கும் இல்லை. நாட்டுப்பற்றால் போனவரையும் பசியால் போனவரையும் பிரித்துப் பார்க்க வேண்டாம். இருவரும் ஒரே குண்டுமழையில்தான் நின்றார்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள்.