பலகைத் தளத்தில் படிந்த வர்ணம்

பொங்கலுக்கு முன் வீட்டுச் சுவருக்கு வர்ணம் அடிப்பது கோலார் தங்கவயலில் குடியேறிய தமிழர்கள் விடாது போற்றிவரும் வழக்கம். சுவர் பொலிவு பெறும். தரையோ புள்ளிபுள்ளியாய்க் கறைபடும். சிமெண்டுத் தரையாயின் பெருங்கவலை இல்லை. ஆங்கிலேயர் காலத்துப் பழங்கட்டடத்தில் மெருகேற்றிய பலகைத் தளம் வாய்த்திருந்தால், கறையை எவ்வாறு அகற்றுவது என்ற கேள்வி எழும். கைக்கு முதலில் அகப்படுவது உப்புத்தாள். அதனை எடுக்குமுன் சற்றே நிற்க வேண்டும்.

தூசு செய்யும் கேட்டைத் தங்கவயல் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாறைத் தூசினால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக இச்சுரங்கங்களிலிருந்தே அறிவிக்கப்பட்டது. துளையிடுகையில் நீரைப் பாய்ச்சித் தூசை அடக்கும் முறையை அங்கு உழைத்த பெரியோர் நன்கறிவர். சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. ஆயினும் அந்த அறிவு இன்று வீட்டுக்கூடத்தில் நமக்குப் பயன்படுகிறது.

பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயத்தூசு அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலின் வயது தெரியாத கறையை ஈயம் உள்ளதென்றே கொண்டு, உலர்ந்த நிலையில் தேய்க்காதிருப்பதே நன்று. தீக்காட்டி உருக்குவது இன்னும் கொடிது. ஈயம் புகையாய் எழும்.

நனைத்தே அகற்றுவோம் எனில், மரத்திற்கும் மெருகிற்கும் நீர் பகையாயிற்றே! இங்குதான் பொறுமை வேண்டும். டிஸ்டெம்பர், எமல்ஷன் போன்ற நீர் வர்ணமாயின், வெந்நீரில் சிறிது சோப்புக் கலந்து, பிழிந்த துணியைக் கறைமேல் மட்டும் சில நிமிடம் இடுக. இளகியதும் பிளாஸ்டிக் தகட்டால் மரத்தின் ரேகை வழியே மெல்லச் சுரண்டி, உடனே துடைத்து உலர்த்துக. இரும்புத் தகடு ஒருமுறை வழுக்கினால் விழும் கீறல் வர்ணத்தைவிட நிலைத்து நிற்கும்.

எனாமல் எனப்படும் எண்ணெய் வர்ணம் எளிதில் இளகாது. ஆளிவிதை எண்ணெயில் தோய்த்த துணியை அதன்மேல் வைத்து, ஊறவிட்டுச் சுரண்டிப் பார்க்கலாம். இருமுறை, மும்முறை செய்ய நேரிடும். ஸ்பிரிட்டைத் தொடுவோர் முதலில் ஒரு மூலையில் ஒரு துளி விட்டுப் பார்த்தல் வேண்டும். மெருகு பிசுபிசுத்தால் அது அரக்கினால் ஆன பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட் கறையோடு மெருகையும் கரைத்துவிடும். கடையில் விற்கும் வர்ணநீக்கியும் அவ்வாறே மெருகைத் தின்னும். தளம் முழுவதும் வர்ணம் பூசப்பட்டிருந்தாலன்றி அதனை நாடவேண்டாம் என்பது நம் கருத்து. நாடினால் கையுறை அணிந்து, கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகளை அகற்றிவிட்டே செய்க. பின்னர்த் தளத்திற்கு மீண்டும் மெருகேற்றும் செலவும் உண்டு.

சுரண்டிய துகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடலாகாது. ஆளிவிதை எண்ணெய் உலர்கையில் வெப்பம் பிறந்து, சுருட்டிய துணி தானே தீப்பற்றுவதுண்டு. அவற்றை நீரில் ஊறவைத்த பின்னரே வெளியே போடுக.